கடைசி அலையை மறந்த ஆழியன்

வியாழக்கிழமை மதியம், உயரமான ஒரு கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, என் மனைவியின் பூதத்தை நான் கெடுத்தேன். கெடுக்கிறேன் என்று அப்போது தெரியாது. நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

பூதம் என்றதும் பயப்பட வேண்டாம். கையில் பிடித்து ஆடுகிற வீடியோ கேமில் வருவது அது. அந்த விளையாட்டில் விதவிதமான பிராணிகளைத் தேடிப் பிடித்து, தீனி போட்டு, பழக்கி, ஒன்றோடொன்று மோத விட வேண்டும். எனக்கு அதில் தலையும் புரியாது, வாலும் புரியாது. சில பிராணிகளுக்குத் தலை எது, வால் எது என்பதே புரியாது. நூற்றுக்கணக்கில் இருக்கும் அந்தக் கூட்டத்தில் நாலைந்து மட்டும் புராணப் பிராணிகள். ஆட்டம் முழுக்கத் தேடினாலும் ஒன்றுதான் அகப்படும். என் மனைவியிடம் இருப்பது ஆழியன். திமிங்கலத்தையும் எருமையையும் ஒரே அச்சில் ஊற்றி எடுத்த மாதிரி ஒரு உருவம்.

ஆழியனுக்கென்று ஒரு தனி அடி உண்டு. வேறு எந்தப் பிராணிக்கும் அது வராது. பெயர் 'கடைசி அலை'. திரை கருநீலமாகும். எல்லாச் சத்தமும் அடங்கிப் போகும். பிறகு மேலேயிருந்து மொத்தமாகத் தண்ணீர் விழும். எதிரே நிற்பது எதுவானாலும் அதோடு சரி. ஆனால் அடித்து முடித்ததும் ஆழியனுக்கே மூளை குழம்பிவிடும். யார் எதிரி, யார் தன் ஆள் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தன்னையே முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு அதன்மேல் ஒரு சொந்தம் தோன்றும். இந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறேன்.

என் மனைவிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. குத்தினதே தெரியாது என்று பேர் வாங்கியவள். கல்யாணம் ஆகி வளைகாப்பு பேச்செல்லாம் ஓய்ந்து, நரை எட்டிப் பார்க்கிற வயதில் ஒரு பெண் பொம்மைப் பிராணிகளை மோத விடுகிறாள் என்றால் காரணம் இருக்கும் இல்லையா. காரணம் அவள் அக்கா. எனக்கு அண்ணி.

சின்ன வயதில் இரண்டு பேருக்கும் சேர்த்து என் மாமனார் ஒரே ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதை வைத்து அடித்துக்கொண்டும் கூடிக்கொண்டும் வளர்ந்தவர்கள். பெரியவர்களானபின் ஆளுக்கொன்று வாங்கி, அண்ணி கல்யாணமாகி வேறு நாட்டுக்குப் போனபிறகும், ஞாயிற்றுக்கிழமை மதியமானால் இன்டர்நெட் வழியாக ஒரு சண்டை போடுவார்கள். சண்டை முடிந்ததும் போனில் பேச உட்கார்ந்தால், நான் தூங்கி எழுந்து டீ போட்டுக் குடித்து முடித்திருப்பேன், பேச்சு முடிந்திருக்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமனார் போனார். மூளையில் ரத்தக் கசிவு. இவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே செயற்கை மூச்சில் வைத்திருந்தார்கள். அண்ணி செய்தி கேட்டுக் கிளம்பி விமானத்தில் இருந்தார். போன் அணைந்திருந்தது. இனி ஒன்றும் இல்லை, இயந்திரம்தான் மூச்சு விடுகிறது, எடுத்துவிடுவதா வேண்டாமா என்று டாக்டர் என் மனைவியைக் கேட்டார். லேபில் வேலை செய்கிறவள், ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்தவள், யாரும் அவளை ஏமாற்ற முடியாது, அவளாலும் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. போதும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலையில் அண்ணி வந்து இறங்கினார். "ஒரு ராத்திரி காத்திருக்க முடியலயா உன்னால?" என்று கேட்டார். அதுதான் அவர்கள் இருவரும் பேசிய கடைசிப் பேச்சு.

அதற்குப் பிறகு போன் இல்லை, செய்தி இல்லை. நல்லது கெட்டது எதுவானாலும் என் வழியாகக்கூட வராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் இருவரும் அந்த விளையாட்டில் வந்து நிற்பார்கள். ஒரு வாரம் தவறியதில்லை. வாய் திறக்காமல் மோதுவார்கள். கடைசியில் அண்ணியின் பாறையாமையும் ஆழியனும் எதிரெதிரே நிற்கும். என் மனைவி கடைசி அலையை அடிப்பாள். ஆமை படுத்துவிடும். இருவரும் பெட்டியை மூடிவிட்டு அடுத்த வாரத்துக்குப் போய்விடுவார்கள். இது என்ன உறவு, என்ன பகை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. அக்கா தங்கை என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு மிச்சமிருந்த நூல் அது ஒன்றுதான்.

அந்த நூலில்தான் நான் கை வைத்தேன்.

அந்த வாரம் லேபில் ஆள் குறைவு. என் மனைவிக்குக் குனிந்த தலை நிமிர நேரமில்லை. அண்ணியின் ஆமை ஒரு படி ஏறிவிட்டதாம், ஆழியனையும் ஒரு படி ஏற்ற வேண்டுமாம். வியாழக்கிழமை காலையில் பெட்டியை என் பையில் வைத்தாள்.

"மதியம் சும்மா இருக்கும்போது புல்வெளியில நாலு சுத்து நடக்க விடுங்க. சின்னச் சின்னதா ஏதாவது வரும், அடிங்க. ஒரு படி ஏறினதும் சேமிச்சு வெச்சுடுங்க. வேற எதையும் தொடாதீங்க."

"ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் நான்தான் ஓட்டறேன். எனக்கு பட்டன் அமுக்கச் சொல்லித் தரியா?" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குக் கைவந்த கலை.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லிஃப்டின் கன்ட்ரோல் பெட்டிக்குள் ஒரு சின்னத் திரை இருக்கும். லிஃப்ட் எப்போது, எதனால் நின்றது என்பதையெல்லாம் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு ஞாபக இடம் கொஞ்சம்தான். நிறைந்துவிட்டால், 'இடமில்லை, பழையதை அழிக்கலாமா?' என்று கேட்கும். வரிசையில் உச்சியில் இருப்பதுதான் ஆகப் பழையது. அங்கே போய் 'ஆம்' அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் நாங்கள் வேலை பார்க்கிற மாடல் லிஃப்ட் நகராது. கீழே கூடையும் குழந்தையுமாக நிற்கிற ஜனம் என் தலையை உருட்டும். நாளும் பொழுதும் இதைச் செய்து செய்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் கட்டைவிரல் உச்சிக்குப் போய் 'ஆம்' என்று அமுக்கிவிட்டுத்தான் மறு வேலை பார்க்கும்.

மோட்டார் அறையில் அன்று ஒரு பேரிங் வருவதற்காகக் காத்திருந்தேன். ஆழியனைப் புல்வெளியில் நடக்க விட்டேன். ஒரு வெட்டுக்கிளி வந்தது, அடித்தேன். காளான் மாதிரி ஒன்று வந்தது, அதையும் அடித்தேன். எனக்கே கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்தது. ஒரு படி ஏறியதும் மேளம் கொட்டினார்கள். திரையில் ஏதோ எழுத்து வந்தது. கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது, எடுக்கச் சோம்பல். 'இடமில்லை', 'பழையது', இந்த இரண்டு சொல் மட்டும் கண்ணில் பட்டது. அது போதாதா. கட்டைவிரல் உச்சிக்குப் போனது, ஆம் என்றது. இன்னொரு முறை மேளம் கொட்டினார்கள். சொன்னபடி சேமித்தும் வைத்தேன்.

சாயங்காலம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, "ஒரு படி ஏத்திட்டேன்" என்றேன். "தேவலையே" என்றாள். அப்படி அவள் வாயால் கேட்டு வெகுநாள் ஆகியிருந்ததால் அந்தச் சந்தோஷம் இரண்டு நாளைக்கு வரும் என்று நினைத்தேன். ஒரு நாள்கூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். பெட்டி சார்ஜில் கிடந்தது. வெட்டுக்கிளி அடித்த தைரியத்தில் கடைசி அலையையும் ஒரு தடவை அடித்துப் பார்ப்போமே என்று எடுத்தேன். இந்தத் தடவை கண்ணாடி போட்டிருந்தேன். ஆழியனிடம் நாலு வித்தை இருந்தது. முட்டல். நீர் பீய்ச்சல். வால் வீச்சு. இளைப்பாறல். திரும்பப் படித்தேன். மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே. எப்படிப் படித்தாலும் கடைசி அலை இல்லை.

அப்போதும் நான்தான் அதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பேட்டரி குறைந்தால் மறைந்துவிடுமோ, குளிர்காலத்தில் வருமோ என்றெல்லாம் நினைத்தேன். குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலப் பேப்பரை விரித்தேன். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, அவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

வேலைக்குப் போகிற வழியில் பழைய வீடியோ கேம் விற்கிற கடை ஒன்று உண்டு. கடைக்காரர் முப்பது வயதுக்காரர், தாடி வைத்தவர், பூதக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பற்றவைக்கும் கம்பியைக் கீழே வைத்தார்.

"ஆழியனா? கடைசி அலையையா மறக்க வெச்சீங்க?"

"நான் எங்கேப்பா மறக்க வெச்சேன். அதுவா மறந்துடுச்சு."

"அதுவா மறக்காதுண்ணே. அதுக்கு நாலு வித்தைக்குத்தான் இடம். அஞ்சாவது கத்துக்கணும்னா ஒண்ணை விடணும். எதை விடட்டும்னு கேக்கும். நீங்க சொன்னதைத்தான் அது விட்டிருக்கும்."

"பழையதை அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு, ஆமான்னேன். அது தப்பா?"

கடைக்காரர் சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பழசுதாண்ணே அதோட பலமே. அது பொறக்கும்போதே இருக்கறது. வேற அடியா இருந்தா ஆட்டத்துக்குள்ள ஒரு கிழவர் இருக்கார், அவர்கிட்ட போனா ஞாபகப்படுத்தித் தருவார். இதை அவராலயும் முடியாது. சேமிச்சு வெக்காம இருந்தீங்கன்னா அணைச்சுப் போட்டுட்டு பழைய இடத்துக்குப் போயிடலாம்."

"சேமிச்சுட்டேனே."

"ஏண்ணே சேமிச்சீங்க?"

"சேமிக்கச் சொன்னா."

அவர் பற்றவைக்கும் கம்பியை மறுபடி கையில் எடுத்தார். புதிதாக ஒரு ஆழியனைப் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆட்டத்தை அடியோடு அழித்துவிட்டு முதலிலிருந்து ஆட வேண்டும், மாதக்கணக்காகும் என்றார். கடை வாசலில் வந்து நின்றபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இல்லாத ஒரு பிராணி, இல்லாத ஒரு அலையை மறந்துபோனதற்கு நடுத்தெருவில் ஒரு மனுஷன் வியர்த்து நிற்கிறான். யாரிடம் போய்ச் சொல்வது இதை.

சனிக்கிழமை முழுக்கச் சொல்லிவிடுவோம், சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்து திறந்து மூடினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு அந்த ஆட்டம் ஆடியே ஆகணுமா?" என்றேன்.

"ஏன், எங்கேயாவது போகணுமா?"

"இல்ல. சும்மா கேட்டேன். வாரா வாரம் அவங்களைப் போட்டு அந்த அடி அடிக்கிற. பாவமா இல்லையா?"

மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள்.

"பாவமாத்தான் இருக்கு. ஆனா அடிக்கலைன்னா என்ன ஆகும்னு தெரியல. அவ எதுக்கு வர்றான்னே எனக்குத் தெரியலங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இன்னைக்கு வரமாட்டான்னு நினைச்சுத்தான் திறப்பேன். வந்திருப்பா. வந்தாளே, அது போதும்னு இருக்கும். எதையாவது மாத்தி, அவ வராம போயிட்டா?"

இதைக் கேட்டபிறகு எப்படிச் சொல்வது. கோழை என்று திட்டுவீர்கள். திட்டுங்கள். நான் எழுந்துபோய், ஒழுகாத குழாயை ரிப்பேர் பண்ணினேன். அது ஒழுக ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் நான் குறட்டை விடுவேன். அன்று எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். "என்ன அதிசயம்" என்றாள். சிரிக்க முயன்றேன். வரவில்லை. அண்ணி வந்திருந்தார். சின்னப் பிராணிகள் வழக்கம்போல அடித்துக்கொண்டு விழுந்தன. கடைசியில் அண்ணியின் பாறையாமை வந்து நின்றது. இவள் ஆழியனை இறக்கினாள். கட்டைவிரல் உச்சிக்குப் போனது. நின்றது.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க எதையாவது அமுக்கினீங்களா?"

"மறக்கட்டுமான்னு கேட்டுச்சு. லிஃப்ட்ல கேக்கற மாதிரியே கேட்டுச்சு. கை பழக்கத்துல..."

சப்பைக்கட்டு அதற்கு மேல் நீளவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை. திரைக்குத் திரும்பினாள். அங்கே அண்ணி காத்திருந்தார். ஏதாவது ஒன்றை அடித்துத்தான் ஆக வேண்டும். நீர் பீய்ச்சலை அடித்தாள். ஆமையின் ஓட்டில் பட்டு வழிந்தது. அண்ணியின் முறை வந்தது. ஆமை அசையவில்லை. சும்மா நின்றது.

"பாருங்க, இந்த இடத்துல அவ எப்பவும் இப்படித்தான்" என்றாள் மெதுவாக. "ஓட்டுக்குள்ள போய் ஒளிஞ்சா அலையில பாதிதான் படும். ஒளிய மாட்டா. திறந்து வெச்சுட்டு நிப்பா. வேகமா அடிச்சுடறதால நான் இதைக் கவனிச்சதே இல்ல."

"அப்போ இவ்ளோ நாளா வேணும்னேதான் அடி வாங்கினாங்களா?"

"எனக்குத் தெரியல."

ஆமை அலைக்காகக் காத்துக்கொண்டே நின்றது. அலை வரவில்லை. அண்ணிக்கும் ஒன்றும் புரியாமல் போயிருக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து ஆமை ஒரு கல்லை எடுத்து எறிந்தது. ஆழியனுக்கு வலித்தது, இளைப்பாறியது, பழையபடி ஆனது. இது முட்டியது. ஆமை ஓட்டுக்குள் போய் ஒளிந்து காயத்தை ஆற்றிக்கொண்டது. மறுபடி கல். மறுபடி இளைப்பாறல். இரண்டாலும் ஒன்றையொன்று சாய்க்க முடியவில்லை. இரண்டும் சாகவும் இல்லை. நண்பர்களுக்குள் ஆடுகிற ஆட்டத்துக்கு நேரக் கணக்குக் கிடையாதாம். யாராவது ஒருவர் 'விலகு' என்று அமுக்கினால்தான் முடியும். இரண்டு பேரும் அமுக்கவில்லை. நான் போட்டு வைத்த டீ ஆடை கட்டியது. வெயில் நாற்காலியை விட்டு நகர்ந்து சுவருக்குப் போனது.

அப்போது அவள் போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்று இருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அடித்து ஓயப்போகிற நேரத்தில் நான்தான் எட்டி ஸ்பீக்கரைப் போட்டேன். ஏற்கெனவே ஒரு பட்டனை அமுக்கிக் கெட்ட பேர் வாங்கியாயிற்று, இன்னொன்றால் என்ன வந்துவிடப் போகிறது.

"ஏன் அடிக்க மாட்டேங்குற?" ஹலோகூட இல்லை. அண்ணியின் குரல் கொஞ்சம் கரகரத்துப் போயிருந்தது.

"என்கிட்ட அது இல்ல."

"எது இல்ல?"

"கடைசி அலை. மறந்துடுச்சு."

"அது எப்படி மறக்கும்?"

"இவர் மறக்க வெச்சுட்டார்."

"அவருக்கு இதெல்லாம் ஆடத் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான்."

இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது. என்னைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தால் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை என்று காதைத் தீட்டிக்கொண்டேன். சிரிப்பு தொடரவில்லை.

"சரி. அப்போ இது எப்படி முடியும்?" என்றார் அண்ணி.

"முடியாது. யாராவது ஒருத்தர் விலகணும்."

"நீ விலகு."

"நான் மாட்டேன்."

"ஏன்டி?"

என் மனைவி பெட்டியை மடியில் வைத்தாள். ஊசி குத்துகிற நேரத்தில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன அசைவுகூட இருக்காது. அந்த முகம்தான் இப்போதும்.

"அன்னைக்குப் போதும்னு சொன்னது நான்தான். நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்கலாமான்னு டாக்டரைக் கேட்டேன். வெச்சிருக்கலாம், ஆனா அவருக்கு வலிக்காதுன்னு என்னால சொல்ல முடியாதுன்னார். நீ இல்ல. நான் சொன்னேன். இது வெறும் விளையாட்டு அக்கா. இதையாவது நீ சொல்லு. நான் இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்."

திரையில் அண்ணியின் முறை. நேரம் போனது. பிறகு ஆமை ஓட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. இவள் முறை வந்தது. இளைப்பாற விட்டாள். மறுபடி ஆமை ஒளிந்தது. மறுபடி இளைப்பாறல். அண்ணி விலகு பட்டனுக்குப் போய்ப் போய்த் திரும்புகிறார் என்று எனக்குத் தோன்றியது. வெறும் பொம்மை ஆமை, விலகினால் அடுத்த நிமிஷம் எழுந்து நிற்கும், இதற்கு ஏன் இவ்வளவு யோசனை என்று கேட்க வந்த வாயை நல்லவேளை அடக்கிக்கொண்டேன்.

"அப்பா எதாவது சொன்னாரா?" என்றார் அண்ணி திடீரென்று.

"வாயில குழாய் இருந்துச்சு. ஒண்ணும் சொல்லல. கண்ணு கதவுப் பக்கம் திரும்பின மாதிரி இருந்துச்சு. உன்னைத் தேடறார்னு நினைச்சேன். அப்படித்தான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். நானா நினைச்சுக்கிட்டதாக்கூட இருக்கலாம். அதை உன்கிட்ட சொல்லவா வேண்டாமான்னே தெரியாமத்தான் இவ்ளோ நாள் போச்சு."

அப்புறம் பெட்டிக்குள்ளிருந்து கொட்டு மேளம் கிளம்பியது. 'எதிராளி விலகிக்கொண்டார். வெற்றி உங்களுக்கே' என்று கலர் கலராகக் காகிதம் பறந்தது. என் மனைவி பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைக்கப் பார்த்தாள். தப்பான பக்கம் அமுக்கியதில் கூடிவிட்டது. நான் பெட்டியை வாங்கித் தலையணைக்கு அடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கேயும் அது விடாமல் கொட்டியது.

மேளம் ஓய்ந்தபோதுதான் அண்ணி அழுகிறார் என்று தெரிந்தது. சத்தமில்லாமல் அழுதிருக்கிறார்.

"ஒரு ஆமையை எடுக்கறதுக்கு எனக்கு இவ்ளோ நேரமாச்சுடி" என்றார். "நீ தனியா எப்படிச் சொன்னே?"

என் மனைவியின் உதடு பிதுங்கியது. இரண்டு வருஷமாக இந்தக் கேள்வியை யாரும் அவளைக் கேட்கவில்லை. ஏன் சொன்னாய் என்று கேட்டவர்கள் உண்டு. வேறு வழியில்லை, நீ செய்தது சரிதான் என்று சமாதானம் சொன்னவர்களில் நானும் ஒருவன். எப்படிச் சொன்னாய் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

"தெரியல அக்கா" என்றாள். "சொன்னேன். அப்புறம் வெளிய வந்து எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம படிக்கட்டுல உக்காந்துட்டேன்."

"எந்தப் படிக்கட்டு?"

"லேபுக்குப் போற படிக்கட்டு."

"முதல்லேருந்து சொல்லு. நான் கேக்கறேன்."

அவள் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அன்று காலையில் அப்பா என்ன சட்டை போட்டிருந்தார் என்பதிலிருந்து. அந்த நாள் முழுக்க நான் அவள் கூடவேதான் இருந்தேன் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவள் சொல்வதில் பாதி எனக்குத் தெரியாததாக இருந்தது. தலையணையை அமுக்கிப் பிடித்தபடி நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.